37-ஆம் நம்பர் வரலீங்களா? குற்றத் தொடர்களின் முதல் காட்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

என் சித்தி மகன் கோவையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினான். ஐந்து எபிசோடு உள்ள குற்றத் தொடராம். அதில் முதல் பத்து நிமிடத்தை மட்டும் படிப்புக்கான ப்ராஜெக்டாக எடுக்கப் போகிறானாம். முதல் பக்கம் இப்படி இருந்தது: நள்ளிரவு. கொட்டும் மழை. மின்னல். தென்னந்தோப்புக்குள் ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடுகிறாள். பின்னால் கறுப்பு ரெயின்கோட் போட்ட உருவம். கத்தி. ரத்தம். டைட்டில்.

உடனே போனும் வந்தது.

"எப்படி இருக்குதுங்கண்ணா? பயமா இருக்குதுங்களா?"

"பயமா இல்லடா, செலவாத்தான் இருக்குது. மழைக்கு எத்தனை லாரி தண்ணி சொல்லியிருக்கே?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது என்பது போனிலேயே தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான். சாயங்காலம் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக ஆரம்பித்த பேச்சு, ராத்திரி மொட்டைமாடியில் கொசு கடிக்கும்வரை ஓடியது. அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் சினிமாக்காரன் இல்லை. குற்றத் தொடர்களை விடாமல் பார்ப்பவன். பிடித்த தொடரின் முதல் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவன். அவ்வளவுதான் தகுதி.

முதலில் ஒன்று: அதிர்ச்சியும் பதற்றமும் ஒன்றல்ல. முதுகுக்குப் பின்னால் யாராவது பலூனை உடைத்தால் தூக்கிவாரிப் போடும். அடுத்த நொடி திரும்பிப் பார்த்து அவனை நாலு திட்டு திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அது அதிர்ச்சி. டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வர வேண்டிய பிள்ளை எட்டரை ஆகியும் வரவில்லை என்று வையுங்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை. கேட் பக்கம் போய் நிற்கிறோம். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டி சத்தம் கேட்கிறது, வேறு யாரோ. இன்னொரு சத்தம்; அதுவும் வேறு யாரோ. இவ்வளவு நேரமும் நடந்தது என்ன? ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே நடக்காத அரை மணி நேரம்தான் பதற்றம்.

தம்பி எழுதிய காட்சியில் இது இல்லை. ஓடுகிற பெண் யார், எங்கிருந்து ஓடி வருகிறாள், யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் நமக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்காக நாம் பதறுவதில்லை. பரிதாபப்படுவோம், அதுவும் ரத்தத்தைப் பார்த்தால்தான். கத்தி இறங்கியதும் கேள்வியும் செத்துப்போகிறது. 'தப்பிப்பாளா' என்று நாம் கேட்கத் தொடங்குவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டான்.

இந்த வித்தியாசத்துக்கு எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் விளக்கம். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் அவர் சொன்னது. இரண்டு பேர் ஒரு மேசையருகே உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு குண்டு இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு வைக்கப்பட்டதை நமக்கு முன்பே காட்டிவிட்டு, அவர்கள் அதே சப்பையான பேச்சைப் பேசினால் 15 நிமிடம் பதற்றம். உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் 1998 குண்டுவெடிப்பைப் பார்த்த கோவைக்காரன் எவனும் குண்டு வைத்து வகுப்பெடுக்க விரும்பமாட்டான். நான் தம்பிக்குப் பாம்பாக மாற்றிச் சொன்னேன்.

நம் தோட்டத்தில் சோளத்தட்டுப் போர் இருக்கிறது. அதில் ஒரு நல்ல பாம்பு நுழைவதைக் கேமரா காட்டுகிறது. அடுத்து ஒரு குழந்தை பந்தோடு வருகிறது. பந்து போருக்குப் பக்கத்தில் உருண்டு போகிறது. குழந்தை போகிறது, பந்தை எடுக்கிறது, திரும்பி வருகிறது. அப்பாடா என்கிறோம். மறுபடி பந்து அங்கேயே உருண்டு போகிறது. இதில் பாம்பு கடிக்கவே வேண்டாம். பாம்பை மறுபடி காட்டக்கூட வேண்டாம். பாம்பு நுழையும் அந்த ஒரு ஷாட்டை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது ஒரு குழந்தை பந்து விளையாடும் வீட்டு வீடியோ.

ஆகவே பதற்றம் தெரியாததிலிருந்து வருகிறது என்று நினைப்பது தப்பு. அது பாதி தெரிவதிலிருந்து வருகிறது. எந்தப் பாதியைச் சொல்வது, எந்தப் பாதியைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வது என்பதுதான் முதல் காட்சி எழுதுகிறவனின் வேலை.

சரி, இதைச் சினிமாக்காரர்களும் செய்கிறார்களே, தொலைக்காட்சித் தொடருக்கு மட்டும் என்ன விசேஷம்? ரிமோட்தான். தியேட்டரில் டிக்கெட் எடுத்து, வண்டிக்கு டோக்கன் போட்டு, பாப்கார்ன் வாங்கி உட்கார்ந்தவன் இருபது நிமிடம் பொறுப்பான். வீட்டில் உட்கார்ந்திருப்பவன் பொறுக்கமாட்டான். இதற்காகவே அமெரிக்கத் தொலைக்காட்சியில் டைட்டிலுக்கு முன்பே கதையில் ஒரு துண்டைக் காட்டிவிடும் வழக்கம் நிலைத்தது. அதைக் கோல்ட் ஓப்பன் என்கிறார்கள். முன்னுரை கிடையாது, வணக்கம் கிடையாது, நேராகக் கதைக்குள் தள்ளிவிடுவது. டைட்டிலும் விளம்பரமும் ஓடும்போது பார்ப்பவன் வேறு சேனலுக்குப் போகாமல் இருக்க ஒரு கேள்வியை அவன் தலையில் ஏற்றிவிடுவது. இன்றைக்கு ஓ.டி.டி.யில் விளம்பரம் இல்லாத இடத்திலும் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது.

நம் மெகா சீரியலில் இந்தப் பாரம் எபிசோடின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். மாமியார் கதவைத் திறப்பார், கண்கள் விரியும், அதே முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள், 'தொடரும்'. நாளைக்கு இதே நேரத்துக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் அது. புதிதாக வரும் குற்றத் தொடருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. முதல் எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்தில் தன்னை யாரென்றே தெரியாத ஒருவரை அது உட்கார வைத்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் எழுதுகிறவர்கள் மழை, மின்னல், கத்தி என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்குகிறார்கள். தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது.

பாதியைச் சொல்வது எப்படி? ஒரு வழி, கொலையாளியையே முதலில் காட்டிவிடுவது. 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொடர் 1971 முதல் இதையே தன் தொழிலாக வைத்துக்கொண்டது. யார் கொன்றது, எப்படிக் கொன்றது, எப்படித் தடயத்தை அழித்தது எல்லாம் ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடந்துவிடும். அப்புறம்தான் கசங்கிய மழைக்கோட்டு போட்ட அந்தத் துப்பறிவாளர் வருவார். யார் என்ற கேள்வி போய், எங்கே சறுக்குவான் என்ற கேள்வி வந்துவிடும். இந்தத் தலைகீழ் முறை தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பும் அல்ல. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-இல் வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பிலேயே செய்து பார்த்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரான வழி, நம்மைக் கதாபாத்திரங்களைவிடக் கீழே நிறுத்துவது. அவர்களுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. 2008-இல் வந்த 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடர் இப்படித்தான் ஆரம்பிக்கும். பாலைவனம். வானத்திலிருந்து ஒரு கால்சட்டை மெதுவாகக் காற்றில் மிதந்து வந்து விழுகிறது. அதன் மேல் ஒரு பெரிய வண்டி ஏறிப் பாய்ந்து போகிறது. ஓட்டுகிறவன் ஜட்டியோடு இருக்கிறான், முகத்தில் வாயுக் கவசம். வண்டி பள்ளத்தில் இறங்கி நிற்கிறது. வெளியே வந்து ஒரு வீடியோ கேமராவில் தன் மனைவிக்கும் மகனுக்கும் ஏதோ சொல்கிறான். சைரன் சத்தம் நெருங்குகிறது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறான். டைட்டில். பிறகு கதை சில வாரங்கள் பின்னால் போகிறது.

இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. எனக்குப் பிடித்தது துப்பாக்கி அல்ல, அந்தக் கால்சட்டை. பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது. சிரித்த வாய் மூடுவதற்குள் அந்த ஆள் அழுதுகொண்டே வீட்டாரிடம் பேசுகிறான். கொலைகாரனா, அப்பாவியா என்று நம்மால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆளை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் தவிக்கும்போது மனசு அந்த ஆளையே சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கை, நெருங்கி வந்த அந்தச் சைரன் போலீஸுடையது அல்ல, தீயணைப்பு வண்டியுடையது என்பது எபிசோடின் கடைசியில்தான் தெரியும். நம்மிடம் சொன்ன பாதியை நாமே தப்பாக நிரப்பிக்கொண்டோம். அவர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"முடிவை மொதல்லயே காட்டிட்டா அப்புறம் யாருங்கண்ணா பாப்பாங்க?" என்று தம்பி கேட்டான். கொங்கு நாட்டில் பிறந்தவன் கேட்கக்கூடாத கேள்வி இது. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடக் கேட்டவர்களுக்குத் தெரியும். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப் போகிறார்கள் என்பது பாட்டு கேட்க வந்து உட்கார்ந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. சேதி தெரிந்தும் ஆட்கள் பல ராத்திரி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தங்காளுக்குக் கெட்ட கனவு வரும் இடத்தில் பாடுகிறவர் உடுக்கையை நிறுத்திவிடுவார். வெற்றிலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார். அண்ணன்மார் கிளம்பப் போகிறார்கள், கிளம்பினால் திரும்பமாட்டார்கள், அது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் யாராவது ஒரு கிழவி 'போகாதீங்க சாமி' என்று முனகுவாள். நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். முடிவு தெரிந்தால் பதற்றம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் அந்த முனகலைக் கேட்காதவர்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முடிவை முதலில் காட்டிவிட்டு 'மூன்று வாரங்களுக்கு முன்' என்று கார்டு போடுவது இப்போது சோம்பேறிகளின் வேலையாகிவிட்டது. கதையின் ஆரம்பம் சப்பையாக இருக்கிறதென்று தெரிந்து, நடுவிலிருந்து ஒரு துப்பாக்கிச் சண்டையைப் பிய்த்து முன்னால் ஒட்டுகிறார்கள். அந்த முன்காட்சி வந்த பிறகு, பின்னால் வரும் சாதாரணக் காட்சிகளின் அர்த்தம் மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது வெறும் டிரைலர்.

இன்னொரு வழி எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. வழக்கத்தைக் காட்டுவது. 2013-இல் வந்த 'பிராட்சர்ச்' என்ற பிரிட்டிஷ் தொடரில், ராத்திரி ஒரு பாறை உச்சியில் ஒரு சிறுவன் நிற்பதைக் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் காலை. அந்தப் பையனின் அப்பா கடைத்தெருவில் வேலைக்கு நடந்து போகிறார். வெட்டே இல்லாத நீளமான ஷாட். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கம், ஒரு கிண்டல், ஒரு நலம் விசாரிப்பு. வேறு எந்தத் தொடரிலாவது இது வந்தால் தாண்டிவிட்டுப் போயிருப்போம். ஆனால் நாம் அந்தப் பாறையைப் பார்த்துவிட்டோம். அதனால் அவர் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் நம் வயிற்றைப் பிசைகிறது. அதே நேரம், பின்னால் நாம் சந்தேகப்படப் போகிற ஊர்க்காரர்களையும் அந்த நடையிலேயே அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். ஒரு கல்லில் எத்தனை மாங்காய் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வழக்கம் உடைவதுதான் குற்றம். அதனால் உடைவதற்கு முன் வழக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். தென்னந்தோப்பில் அலறி ஓடும் பெண்ணுக்கு வழக்கமே கிடையாது; அவள் ஸ்கிரிப்டில் பிறந்த கணத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறாள்.

தமிழில் 2022-இல் வந்த 'சுழல்' வேறொரு வேலையைச் செய்தது. ஒரே ராத்திரியில் ஒரு சிமெண்ட் ஆலை பற்றி எரிகிறது, ஒரு பெண் காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நேரம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நம்மிடம் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், முடிச்சைப் பார்க்கிறவனே போட்டுக்கொள்வான். தான் போட்ட முடிச்சு சரிதானா என்று பார்க்கத்தான் அவன் அடுத்த எபிசோடுக்கு வருகிறான்.

இனி சத்தம். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் இதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். பதற்றக் காட்சி என்றால் உடனே ஒரு 'டொய்ங்' பி.ஜி.எம். போட வேண்டும் என்று நினைக்கிறார்கள். கொலம்போ தொடரின் முதல் முறையான எபிசோடை 1971-இல் இயக்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஸ்பீல்பெர்க். அதன் ஆரம்பத்தைப் பாருங்கள். ஒரு கார் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறது. காரின் சத்தம் கேட்காது. டைப்ரைட்டர் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். காரில் வருகிறவன் கொல்லப் போகிறவன். டைப் அடித்துக்கொண்டிருப்பவன் சாகப் போகிறவன். படம் ஒருவனிடமும் சத்தம் மற்றவனிடமும் இருக்கிறது. இரண்டும் எப்போது ஒரே அறைக்குள் சேரும் என்று நாம் காத்திருக்கிறோம். தட்டுகிற சத்தத்தில் என்ன பயம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. அது நின்றுவிடுமோ என்பதில்தான் எல்லாப் பயமும்.

இதை விளக்க நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, கோவைப் பக்கத்துச் சோமனூர் போதும். விசைத்தறிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் அந்த லொடக்லொடக் காதைக் கிழிக்கும். அப்புறம் அது சத்தமாகவே தெரியாது. அங்கே பிறந்த குழந்தைகள் அதற்குள் நிம்மதியாகத் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றதும் வீறிட்டு எழுந்துகொள்ளும். அமைதியைக் கேட்டு எழுகிற குழந்தைகள். ஒரு குற்றத் தொடரை அங்கே ஆரம்பிப்பதாக இருந்தால் நான் ஒரு நிமிடம் முழுக்கத் தறிச் சத்தத்தை ஓட விடுவேன். அதற்கு மேல் பேச்சு, சிரிப்பு, டீ. பிறகு தெருவில் எல்லாத் தறியும் ஓட, ஒரே ஒரு தறி மட்டும் நிற்கும். கரண்ட் இருக்கிறது, தறி நிற்கிறது. இதற்கு வயலின் தேவையா?

இடத்தைக் குறுக்குவது பற்றியும் இரண்டு வரி. 2018-இல் வந்த பி.பி.சி.யின் 'பாடிகார்ட்' தொடரின் முதல் காட்சி ஏறக்குறைய இருபது நிமிடம் ஒரே ரயிலுக்குள் ஓடுகிறது. நாயகன் போலீஸ்காரன், ஆனால் அன்று வேலையில் இல்லை. தூங்குகிற இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். ரயிலில் மனித வெடிகுண்டு இருக்கிறது என்று தெரிகிறது. இறங்க வழியில்லை, பிள்ளைகளை விட்டு நகரவும் முடியவில்லை. அவனுக்கு அங்கே சண்டைக் காட்சி இல்லை, கழிவறைக் கதவருகே நின்று பேசிப் பேசியே நேரத்தைக் கடத்துகிறான். இழக்க என்ன இருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே தூங்க வைத்துக் காட்டிவிட்டார்கள். டிரோனைப் பறக்கவிட்டுப் பொள்ளாச்சித் தென்னைகளை வானத்திலிருந்து காட்டினால் அழகுதான். ஆனால் மேலே போகப் போகப் பதற்றம் கீழேயே நின்றுவிடும். கழுகுக்கு என்ன கவலை?

வசனம் பற்றி ஒன்றே ஒன்று: 'சார், நீங்க இந்த ஸ்டேஷனுக்கு வந்து பத்து வருஷத்துல இப்படி ஒரு கேஸ் பாத்ததே இல்லையே' என்று ஏட்டையா இன்ஸ்பெக்டரிடம் சொன்னால், அது நமக்காகச் சொல்வது. இன்ஸ்பெக்டருக்கு அவர் சர்வீஸ் தெரியும்.

இதெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி நோட்டை மூடினான். "அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்கண்ணா. மழை இல்லாம, ரத்தம் இல்லாம. நம்ம அம்மிச்சி தோட்டத்துலயே எடுக்கற மாதிரி." வகையாக மாட்டிக்கொண்டேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஒரு தோட்டம் உண்டு. ஒரு சாளை (தோட்டத்து வீடு), மாடு கட்டும் கட்டுத்தரை, இரண்டு மாடு, கிணறு. அங்கே போகும் வழி ஒரு இட்டேரி, இரண்டு பக்கமும் வேலி. நான் சொன்னது இதுதான்.

விடியற்காலம், இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. மூணு பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும் சத்தம். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம். ஒரு மாடு ஒரு தடவை கத்துகிறது, சாதாரணமாக.

பால் சொசைட்டி. டியூப்லைட். தூக்குப்போசியும் கேனுமாக ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மழை வருமா, மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது என்று பேச்சு. பால் அளக்கிறவர் நிமிர்ந்து பார்க்காமல் உறுப்பினர் நம்பரைச் சொல்லிச் சொல்லிப் பதிகிறார். "35." ஊற்றுகிறார்கள். "36." ஊற்றுகிறார்கள். "37." யாரும் வரவில்லை. பேனா ஒரு நொடி நிற்கிறது. "37 வரலீங்களா?" யாரோ, "வந்துருவாருங்க, என்னைக்கு லேட்டாயிருக்காரு" என்கிறார்கள். "38."

மறுபடி தோட்டம். கொஞ்சம் வெளிச்சம் வந்துவிட்டது. மாடு இப்போது விட்டு விட்டுக் கத்துகிறது. மடி கனத்துப் பால் தானாகத் தரையில் சொட்டுகிறது. கன்று கயிற்றின் எல்லை வரை இழுத்துக்கொண்டு நிற்கிறது, எட்டவில்லை. சாளை வாசலில் கயிற்றுக் கட்டில், பாதி மடித்த போர்வை. விடிந்தும் அணைக்காத டார்ச் லைட் ஒன்று திண்ணையில் எரிகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொட்டி நிறைந்து வழிந்து, வாய்க்காலும் நிறைந்து, மடை உடைந்து, தண்ணீர் வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள் போகிறது. அங்கே மஞ்சள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிப்போகும் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்துக் காட்டுக்காரர் இட்டேரியில் வேகமாக வருகிறார். நல்ல கோபம். "ஏனுங் மாமா! தண்ணி பூராம் எங்க மஞ்சக்காட்டுல நிக்குது, மோட்டாரை நிறுத்தாம அப்படி என்ன பண்றீங்க?" கத்திக்கொண்டே கட்டுத்தரையைத் தாண்டுகிறார், மாட்டைப் பார்க்கவில்லை. டார்ச்சைப் பார்க்கவில்லை. அவருக்குக் கோபம், நமக்குப் பயம். கிணற்று மேட்டுப் பக்கம் திரும்பி, "நானும் எத்தன தடவதான் சொல்லற..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிற்கிறார். அவர் முகம்தான் தெரிகிறது. அவர் பார்ப்பது தெரியவில்லை. மோட்டார் சத்தம். டைட்டில்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அண்ணா, அவரு என்னத்தைங்க பாத்தாரு?"

"அதை நீதான் எழுதோணும். நாலு எபிசோடு மிச்சம் இருக்குதல்ல."

எடுத்தான். சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை. மாட்டைக் கறக்காமல் விட அம்மிச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வாயில்லாச் சீவனைக் கத்த உட்டுப் படம் புடிக்கறீங்களா? நல்லா இருக்குது கண்ணு உங்க படிப்பு" என்று நாலரை மணிக்கே கறந்துவிட்டாள். வயிறும் மனசும் நிறைந்த மாடு கேமராவைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டு நின்றது. கடைசியில் பசங்கள் மாட்டின் முகத்தையே எடுக்காமல், கட்டுத்தரையின் முளைக்குச்சியையும் கயிற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கறப்பதற்கு முன் மாடு தினமும் போடும் சத்தத்தை மறுநாள் காலையில் போனில் பதிவுசெய்து எடிட்டிங்கில் ஒட்டினார்கள். தரையில் சொட்டியது பாக்கெட் பால். பால் சொசைட்டியில் நின்ற பெரியவர்கள் யாரும் நடிக்கவில்லை, வழக்கம்போல் விலையைப் பேசினார்கள். அந்தத் துண்டுதான் மொத்தத்திலும் நன்றாக வந்திருக்கிறது.

எடிட் முடிந்ததும் லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்து அம்மிச்சிக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாயே திறக்காமல் பார்த்தாள். பக்கத்துக் காட்டுக்காரர் நின்று, டைட்டில் விழுந்து, திரை கறுப்பானது. செத்தது யாரு, அவரு என்ன பாத்தாரு என்று கேட்பாள் என்று தம்பி ஆசையாகக் காத்திருந்தான்.

"அது கெடக்குது உடு கண்ணு," என்றாள் அம்மிச்சி. "அந்த மோட்டாரை யாராச்சும் நிறுத்துனாங்களா, இல்லியா?"